ஒன்றாம் எண் மூச்சு

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்குப் பெயர் கத்திரி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. பாடகர்கள் பாடிவிட்டுப் போன பிறகு, வரிக்கு வரி நடுவில் அவர்கள் இழுத்த மூச்சு, விழுங்கிய எச்சில், செருமல், காகிதம் புரட்டிய சரசரப்பு எல்லாவற்றையும் திரையில் தேடிப் பிடித்து வெட்டி எடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதே நாலாவது மாடி, இதே நாற்காலி. ஊரே கண்ணை மூடிக் கேட்கிற பாட்டுகளில் பாடுகிறவர் ஒரு தடவையாவது மூச்சு விட்டாரா என்று யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. வராமல் பார்த்துக்கொண்டதுதான் கத்திரியின் கெட்டிக்காரத்தனம்.

வெட்டினார் சரி, வெட்டியதைத் தூக்கிப் போட்டாரா என்றால், அதுதான் இல்லை. அத்தனை மூச்சையும் ஒரு தனி டிஸ்க்கில் சேர்த்து வைத்திருந்தார். சிலர் பழைய சாவிகளைச் சேர்ப்பதில்லையா, அந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, நீல அட்டை நோட்டு ஒன்றில் குறிப்பும் எழுதி வைத்தார். எண் 611: ஆண், கோபம், மைக் உயரம் சரியில்லை என்று. எண் 2040: பெண், சோகப் பாட்டு, உண்மையில் பசி. எண் 3377: ஜோடிப் பாட்டு, இவர் மூச்சை அவர் முந்திவிட்டார். இப்படியே பத்தாயிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நோட்டின் முதல் வரி மட்டும் வேறு மையில், நல்ல கையெழுத்தில் இருந்தது. எண் 1: பெண். குறித்த நேரம் பதினொன்று. எடுத்த நேரம் பத்து இருபது. உணர்ச்சி: காதல்.

அந்தப் பெண்தான் இப்போது அவர் மனைவி. அன்றைக்கு முதல் முறையாகத் தனிப் பாட்டு பாட வந்தவள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, இந்தப் பக்கம் இருந்த இவரை ஒரு பார்வை பார்த்து, ஒரு மூச்சு இழுத்தாள் பாருங்கள். நடுங்கி, பாதியில் ஒரு தரம் தயங்கி, கடைசியில் முன்பல் இடைவெளி வழியாகச் சின்னதாக ஒரு விசிலோடு முடிந்த மூச்சு. அதற்குக் காதல் என்று பெயர் போடாமல் மனுஷன் வேறு என்ன போடுவார்? போட்டார். போட்டுவிட்டு, வேலைக்குச் சேர்ந்த புதிது, தன் முதல் வெட்டு வேலை, நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்கிற வேகத்தில், அந்தப் பாட்டிலிருந்து அந்த மூச்சையும் அதன் கூடப் பிறந்த அத்தனை மூச்சுகளையும் வழித்துத் துடைத்துவிட்டார்.

பாட்டு வெளியான அன்று அவள் கூடத்தின் வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "குரல் என்னோடதுதான். ஆனா அதுல நான் இல்ல. எந்தப் படுபாவி இப்படி வெட்டினான்?" என்று கேட்டாள். எதிரே நின்றது இவர்தான். தலையில் கை வைத்து, "படுபாவிதாங்க," என்றார். மூத்த எடிட்டர் ஒருவர் அடுத்த வாரம் கடல் கடந்து வேறு வேலைக்குப் போக இருந்தார். பழி சுமக்க அவரைவிட வசதியான ஆள் கிடைப்பாரா? அவர் தலையில் கட்டிவிட்டு, ஆறுதல் சொல்ல நாலு தடவை போனார். போன ஆறுதல் கல்யாணத்தில் போய் நின்றது.

அவள் அதற்குப் பிறகு மைக் முன்னால் நிற்கவே இல்லை. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பறையில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் துணி மடிக்கும்போது பாடுவாள், குளிக்கும்போது பாடுவாள், பதிவு செய்யலாம் என்று கத்திரி கையில் போனை எடுத்தால் பாட்டை நிறுத்திவிடுவாள். மாதத்துக்கு ஒரு தடவையாவது, சம்பந்தமே இல்லாத ஒரு சண்டையின் கடைசியில், "அந்தப் படுபாவி மட்டும் என் மூச்ச வெட்டாம இருந்திருந்தா என் கதையே வேற," என்பாள். "படுபாவிதான்," என்பார் இவர், செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்காமல். இருபத்திரண்டு வருடம் தன்னைத் தானே இவ்வளவு ஒழுங்காகத் திட்டிக்கொண்ட மனிதர் வேறு யாரும் இருக்க மாட்டார்.

இந்த நிலையில்தான் முதலாளி பாடுகிற மென்பொருள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் 'புதுப் பொண்ணு' என்று பெயரும் வைத்தார். வரிகளை அடித்து, மெட்டை உள்ளே போட்டால், அரை நிமிடத்தில் பாடிக் கொடுத்துவிடும்.

"இருமாது. வெந்நீர் கேக்காது. சுருதிய அரைக்கட்டை இறக்குங்கன்னு முனகாது," என்று முதலாளி விரல் விட்டு எண்ணினார். "முக்கியமா, மூச்சே விடாது. அப்போ உனக்கு இங்க என்னப்பா வேலைன்னு யோசிச்சு வை."

கத்திரி யோசித்து வைப்பதற்கு முன்னால் இசையமைப்பாளர் வந்தார். அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் ஆஹா. எதற்கெடுத்தாலும் ஆஹா என்பார். நல்ல பாட்டுக்கு ஆஹா, சுமாரான பாட்டுக்கு ஆஹா, டீ வந்தால் ஆஹா. புதுப் பொண்ணு பாடிய பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டினார்கள். கேட்டு முடித்தார். வாயைத் திறக்கவில்லை. முதலாளி டீ வரவழைத்துப் பார்த்தார். அதற்கும் ஆஹா வரவில்லை.

"எல்லாம் இருக்கு சார். சுருதி சுத்தம், உச்சரிப்பு சுத்தம். ஆனா உள்ள எறங்கல."

"எறங்கறதுக்கு பட்டன் இருக்குங்க," என்றார் முதலாளி. "கத்திரி, அந்த உணர்ச்சியத் தூக்கு."

உண்மையிலேயே உணர்ச்சி என்று ஒரு கோடு இருந்தது, பூஜ்யத்திலிருந்து நூறு வரை. நாற்பதில் வைத்தால் புதுப் பொண்ணு இரங்கல் செய்தி வாசித்தாள். எழுபதில் ஜலதோஷம் பிடித்தவள் போல் மூக்கால் உருகினாள். நூறில் வைத்தபோது மூன்றாவது மாடி அலுவலகத்திலிருந்து ஒருவர் ஏறி வந்து, இங்கே யாரையாவது அடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுபடியும் முதலில் இருந்து கேட்டார்கள். கேட்கக் கேட்கக் கத்திரிக்கு நெஞ்சை அடைத்தது. பதினாறு வரியை அந்தப் பெண் ஒரே மூச்சில் கூட இல்லை, மூச்சே இல்லாமல் பாடிக்கொண்டிருந்தாள். கேட்கிற இவருக்கு மூச்சு முட்டியது. பாடுகிறவர் மூச்சு விடுகிற இடத்தில்தான் கேட்கிறவரும் விட்டுக்கொள்கிறார் என்பது, இத்தனை வருடம் அந்த இடங்களை வெட்டிய மனுஷனுக்கு அன்றுதான் உறைத்தது.

"எனக்கு ஒரு மத்தியானம் குடுங்க," என்றார்.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு டிஸ்க்கைச் செருகினார். முதலில் 611-ஐ எடுத்துப் பல்லவிக்கு முன்னால் ஒட்டினார். காதலி காதலனைக் கூப்பிடுகிற பாட்டு, வாடகை பாக்கி கேட்கிற பாட்டாகிவிட்டது. 2040-ஐ ஒட்டி ஆஹாவைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆஹா பாதியில் எழுந்து, "சாப்பிட்டு வந்து கேக்கலாமாண்ணே? திடீர்னு பசிக்குது," என்றார். அதற்குப் பிறகு முப்பது, நாற்பது மூச்சுகளைப் போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றும் பொருந்தவில்லை.

நோட்டின் முதல் பக்கத்தைத் திறப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தார். நாலு மணிக்குத் திறந்துவிட்டார். ஒரே ஒரு மூச்சு, அரை விநாடி கூட வராது, யாருக்குத் தெரியப் போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தப்பு செய்கிற எல்லோரும் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது இதைத்தான்.

மூன்றாவது வரிக்கு முன்னால், காதலி 'வந்துவிடு' என்று சொல்லப் போகிற இடத்தில், எண் ஒன்றை வைத்தார். ஆஹா கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். எழுந்து போய் நடைவழியில் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு வந்தார். பிறகு வரிசையாக மூன்று ஆஹா. முதலாளி புதுப் பொண்ணு இருந்த கணினியைத் தட்டிக்கொடுத்தார்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. பஸ்ஸில் அது, கடையில் அது, பக்கத்து வீட்டுக் குளியலறையில் அது. மெட்டைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. 'அந்த மூச்சு, அந்த மூச்சு' என்றுதான் எல்லோரும் உருகினார்கள். அந்த மூச்சை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஒரு மணி நேரம் ஓடுகிற மாதிரி யாரோ இணையத்தில் போட்டிருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே தூங்குவதாக லட்சம் பேர் எழுதியிருந்தார்கள்.

கத்திரிக்குத் தூக்கம் போயிற்று. அந்த விசில் ஒன்று போதும், அவள் கண்டுபிடித்துவிடுவாள். வெட்டின மூச்சு கத்திரியிடம் இருக்கிறது என்றால் வெட்டியது யார் என்று கேட்க அவளுக்கு அதிக நேரம் ஆகாது. வெட்டினதைக்கூட மன்னித்துவிடுவாள். இருபத்திரண்டு வருடம் கூடவே உட்கார்ந்து 'படுபாவிதான்' என்று ஒத்து ஊதினதை எந்த மனைவி மன்னிப்பாள்?

ஆகவே அந்தப் பாட்டை வீட்டுக்குள் விடாமல் காவல் காத்தார். ரேடியோவின் பின்பக்கத்தைக் கழற்றி 'ரிப்பேர்' என்று வைத்தார். பக்கத்து வீட்டில் பாட்டு ஆரம்பித்தால் ஓடிப்போய் மிக்ஸியைப் போட்டார்.

"தண்ணிய எதுக்குங்க அரைக்கறீங்க?" என்று வந்து நின்றாள் மனைவி.

"மிக்ஸிய கழுவறேன்."

"காலையில ரெண்டு தடவை கழுவினீங்களே?"

"மூணாவது தடவை கழுவினாத்தான் சுத்தமாகும்னு படிச்சேன்."

அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். இப்படி எட்டு நாள் ஓடியது. வீட்டைக் காவல் காத்தவர், அவள் தினமும் போகிற பல் மருத்துவமனையில் ஒலிபெருக்கி இருப்பதை மறந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் நடந்ததை அவர் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டார். கடைவாய்ப் பல் பிடுங்க வந்த பெரிய உடம்புக்காரர் ஒருவர், வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். திடீரென்று அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. மருத்துவர் பதறி, "ஊசி சரியா ஏறலையா? வலிக்குதா?" என்று கேட்டார். அவர் வாயைத் திறந்தபடியே இல்லை என்று தலையாட்டி, விரலால் மேலே இருந்த ஒலிபெருக்கியைக் காட்டினார். மருத்துவர் நின்று கேட்டார். பிறகு மெல்லத் திரும்பி, வரவேற்பறையைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த விசில் உங்க பல்லு சந்துல வர்றதுதானே? எத்தனை தடவை அடைச்சு விடறேன்னு கேட்டிருக்கேன்?"

அவள் அதற்கு முன்பே எழுந்து நின்றிருந்தாள். கைப்பையை எடுத்தாள். அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொல்லக்கூட நிற்கவில்லை.

கூடத்தில் அந்த நேரம் ஆஹா அடுத்த பாட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். "அண்ணே, அதே மூச்சு வேணும், கொஞ்சம் நீளமா," என்று கத்திரியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடுகிற அறை காலியாகக் கிடந்தது. முதலாளி கைபேசியில் யாரிடமோ புதுப் பொண்ணைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது.

முதலில் உள்ளே வந்தது மூச்சுதான். நடுங்கி, பாதியில் ஒரு தரம் தயங்கி, கடைசியில் சின்ன விசிலோடு முடிந்தது. ஆஹா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"அதே மூச்சு!" என்றார். "அண்ணே, அதே மூச்சுண்ணே! ஆஹா!"

கதவுப் பிடியைப் பிடித்தபடி அவள் நின்றிருந்தாள். நாலு மாடியையும் படியேறி வந்திருந்தாள். லிஃப்ட் வருகிறவரை காத்திருக்கிற நிலையில் அவள் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அந்தப் பாட்ட போடுங்க," என்றாள்.

கத்திரி போட்டார். மூன்றாவது வரிக்கு முன்னால் அவளுடைய மூச்சு வந்தது. தொடர்ந்து புதுப் பொண்ணின் குரல் வந்தது. அவள் கையைத் தூக்கினாள். நிறுத்தினார்.

"வெட்டினது யாரு?"

மூத்த எடிட்டரின் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழக்கதோஷம். கத்திரி அதை விழுங்கினார்.

"நான்தான்."

"இருபத்திரண்டு வருஷமா படுபாவி படுபாவின்னு நான் திட்டினேனே?"

"அது என்னைத்தான்."

"நீங்களும் கூடச் சேர்ந்து திட்டினீங்களே?"

"மனசாரத்தான் திட்டினேன்," என்றார் கத்திரி. அதில் பொய் இல்லை.

முதலாளி கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, நாடகம் பார்க்க வசதியாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஆனால் அவள் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். சத்தம் போட்டிருந்தால் கத்திரிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு என் மூச்ச எடுத்துட்டு, பாட்ட மட்டும் வச்சீங்க. இன்னைக்கு என் மூச்ச மட்டும் வச்சுட்டு, பாட்டுக்கு வேற யாரையோ வச்சிருக்கீங்க. அங்க மூச்சு எடுக்கறேன் நான். வாயத் தொறந்தா வர்றது அது. கேக்கும்போது எப்படி இருந்துச்சு தெரியுமா? பேச வர்றப்ப யாரோ என் வாயப் பொத்திட்டு அவங்க பேசற மாதிரி இருந்துச்சு. என்னை முழுசா விடறதுன்னு ஒண்ணு உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

கத்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. மேஜை இழுப்பறையைத் திறந்து நீல நோட்டை எடுத்து, முதல் பக்கத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தார்.

"வெட்டினேன். ஆனா தூக்கிப் போட முடியல," என்றார். "கண்ணாடி வழியா என்னைப் பாத்துக்கிட்டே நீ எடுத்த மூச்சு. அதை எப்படித் தூக்கிப் போடறது? இந்த நோட்டு, இந்த டிஸ்க்கு எல்லாமே அந்த ஒண்ணுக்காக ஆரம்பிச்சதுதான். மத்ததெல்லாம் சும்மா கூட்டம் சேத்தது."

அவள் படித்தாள். 'உணர்ச்சி: காதல்' என்ற இடத்தில் விரல் நின்றது. உதடு துடித்தது. ஆஹா மறுபடியும் கண்ணாடியைக் கழற்றத் தயாரானார். அவள் அடக்கப் பார்த்து, முடியாமல், சிரித்துவிட்டாள்.

"காதலா? மாடிப்படிங்க!"

"என்னது?"

"நாலு மாடி. ஓடி வந்தேன். உள்ள காலு வைக்கறதுக்குள்ள, எனக்கு முன்னாடி பாட வேண்டியவங்க யாரோ வரலன்னு இந்த முதலாளி சாரே என்னைப் பிடிச்சு மைக் முன்னாடி தள்ளிட்டார். மூச்சு வாங்கிக்கிட்டே பாடினேன். இப்ப கதவ தொறந்துட்டு வந்தேனே, அதே மூச்சுதான். அப்ப எனக்கு உங்க மூஞ்சிகூட சரியாத் தெரியல, கண்ணெல்லாம் பூச்சி பறந்துச்சு."

ஆஹா தொப்பென்று உட்கார்ந்தார். "அப்போ நான் அழுதது மாடிப்படிக்கா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். லட்சம் பேர் தினமும் மாடிப்படியைக் கேட்டுக்கொண்டு தூங்குகிறார்கள் என்ற நினைப்பு அவரை மிகவும் பாதித்தது. முதலாளிக்கு மட்டும் முகம் மலர்ந்தது.

"இவ்வளவுதானா விஷயம்? இனிமே யார் பாட வந்தாலும் லிஃப்ட்ட நிறுத்திடுவோம். கத்திரி, புதுப் பொண்ணுக்கு மாடிப்படின்னு ஒரு பட்டன் போட முடியுமா பாரு."

"முதல்ல அதுகிட்ட இருந்து என் மூச்ச எடுங்க," என்றாள் அவள்.

"அம்மா, பாட்டு ஊர் பூரா ஓடிட்டிருக்கு..."

"அப்ப நான் பாடறேன்," என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே புரிந்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு வரேன். முழுப் பாட்டையும் பாடறேன். நான் எங்க மூச்சு எடுக்கறேனோ அங்க அது இருக்கணும். விசில் அடிச்சா அடிச்சதுதான். எச்சில் முழுங்கினா அதுவும் இருக்கணும். இவரு கைய கட்டிட்டு உக்காரணும்."

"புதுப் பொண்ணு?" என்று கேட்டார் முதலாளி.

"ஓரமா உக்காந்து கேக்கட்டும்."

ஆஹா சொன்ன ஆஹா மூன்றாவது மாடிக்குக் கேட்டிருக்கும். கத்திரி மென்பொருளைத் திறந்து, மூன்றாவது வரிக்கு முன்னால் இருந்த அரை விநாடியைத் தேடிப் பிடித்து, எடுத்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மூச்சை வெட்டியதற்காக மனைவி தலையசைத்தது அதுதான் முதல் தடவை.

இருவரும் லிஃப்ட் முன்னால் வந்து நின்றார்கள். மனைவி கையில் இன்னும் நீல நோட்டு இருந்தது. கத்திரிக்கு மனசு லேசாகியிருக்க வேண்டும், ஆனால் ஆகவில்லை. இருபத்திரண்டு வருடம் காதல் என்று பொத்தி வைத்திருந்தது வெறும் மாடிப்படியாகிப் போனது அவரை அரித்தது. அவள் கையிலிருந்த நோட்டை எட்டிப் பார்த்தார். முதல் வரியைத் திரும்பப் படித்தார். எதையும் குறித்து வைக்கிற புத்தி சில சமயம் உதவத்தான் செய்கிறது.

"உனக்கு நேரம் பதினொரு மணி," என்றார்.

"ஆமா."

"பாடினது பத்து இருபது. நாப்பது நிமிஷம் முன்னாடியே வந்துட்ட."

அவள் லிஃப்ட் எந்த மாடியில் இருக்கிறது என்று காட்டுகிற சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் எதுக்கு ஓடி வந்த?"

"இத்தனை வருஷத்துல அத ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள். கன்னம் சிவந்திருந்தது, படியேறிய சிவப்பு எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. "அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பத்துப் பேரோட கோரஸ் பாட வந்திருந்தேன். நான் மூச்சு எடுக்கறப்ப மட்டும் நீங்க சட்டுனு தலையத் தூக்கிப் பாப்பீங்க. மத்த ஒன்பது பேர் மூச்சு எடுத்தா பாக்க மாட்டீங்க. தனிப் பாட்டு அன்னைக்கு நான் கீழ வந்து நின்னப்ப நீங்க லிஃப்ட்ல ஏறிட்டீங்க. அப்ப கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். கதவ இழுத்துச் சாத்திட்டீங்க. கம்பி வழியா நீங்க மேல போறது தெரிஞ்சுது. எப்படியாவது முந்தி, கதவு தொறக்கறப்ப எதிர்ல நிக்கணும்னு ஓடினேன்."

"முந்தினியா?"

"முந்தினேன். நின்னேன். நீங்க எறங்கி, என்னை ஒரு தூணைத் தாண்டற மாதிரி தாண்டி, நேரா டீ எடுக்கப் போனீங்க. டம்ளரோட போயி கண்ணாடி முன்னாடி உக்காந்துட்டீங்க."

மாடிப்படிதான். ஆனால் மாடிப்படிக்குப் பின்னால் அது இருந்தது. நோட்டில் போட்டிருந்த பெயரைத் திருத்த வேண்டியதில்லை. அவருக்கு அவளை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். புத்தி உள்ளவர்கள் மூடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் கத்திரி அன்றைக்குத்தான் இருபத்திரண்டு வருடப் பொய்யை இறக்கி வைத்திருந்தார். இனி அவளிடம் ஒன்றையும் மறைப்பதில்லை என்று அரை மணி நேரம் முன்னால் மனசுக்குள் சத்தியம் வேறு செய்திருந்தார்.

"அது வந்து," என்று ஆரம்பித்தார். "உன் மூச்சு சத்தமா இருக்கும். விசில் வேற. அத வெட்டற வேலை என் தலையில விழுமேன்னுதான் தலையத் தூக்கிப் பாத்தேன்."

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அவள் உள்ளே போனாள். திரும்பி நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். கையை நீட்டி, கதவை மூடுகிற பட்டனை அழுத்தினாள்.

கத்திரிக்கு ஐம்பது வயது. முட்டி வலிக்குத் தைலம் தடவுகிறவர். ஆனாலும் ஓடினார். மூன்றாவது மாடித் திருப்பத்தில்தான் யோசனை வந்தது: பத்துப் பேர் ஒன்றாக நிற்கிற கோரஸில், எந்த மூச்சு அவளுடையது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? வேலைத் தொந்தரவு என்றால் மற்ற ஒன்பதும் தொந்தரவுதானே? அந்த ஒன்பதில் ஒன்றாவது அவர் காதில் நின்றதா? இதைச் சொல்ல வேண்டும், அவள் தெருவில் இறங்கிவிடுவதற்குள் சொல்லியாக வேண்டும் என்று இரண்டிரண்டு படியாகத் தாவினார்.

லிஃப்ட் திறந்தபோது அவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சில் இருந்தது, வாயைத் திறந்தால் மூச்சு மட்டும்தான் வந்தது. நடுங்கியது, பாதியில் தயங்கியது. விசில் ஒன்றுதான் பாக்கி.

அவள் இறங்கினாள். அவரை ஒரு தூணைத் தாண்டுகிற மாதிரி தாண்டினாள். நேராக எதிரே இருந்த டீக்கடைக்குப் போனாள்.

"ரெண்டு டீ," என்றாள் கடைக்காரரிடம், திரும்பிப் பார்க்காமலே. "ஒண்ண இப்ப போடாதீங்க. அவருக்கு மூச்சு வாங்குது. வாங்கி முடிக்கட்டும்."